லேகியம் திரவம் இல்லை

அந்தப் பெட்டி மேல கால வைக்காதீங்க. உங்களைத்தாங்க. பரவால்ல, உக்காருங்க, தெரியாமதானே வெச்சீங்க. புதுப் பெட்டி, அதான் சொன்னேன். சிங்கப்பூர் போய்ட்டு வர்றேன். கைப்பிடில சீட்டு ஒட்டியிருக்கே, பாக்கலியா? பிய்ச்சுப் பாத்தேன், பிய்ய மாட்டேங்குது. இருந்துட்டுப் போகட்டும்.

நான் கும்பகோணத்துல எறங்கணும். நீங்க? பாபநாசமா, அப்ப கூடவேதான் வர்றீங்க.

ஆமா, மக அங்கதான் இருக்கா. பிரசவத்துக்குப் போனேன். பொம்பளப் பிள்ளை. முப்பது நாள் இருந்துக்கலாம்னு ஏர்போர்ட்டுல விட்டாங்க. பன்னெண்டு நாள்ல கிளம்பிட்டேன். நமக்கு அங்க என்னங்க வேலை? நான் முப்பத்தோரு வருஷம் சயின்ஸ் டீச்சரா இருந்தவ. பெண்கள் ஹைஸ்கூல்ல. வேதவல்லி டீச்சர்னு சொன்னா கும்பகோணத்துல பாதிப் பேருக்கு இன்னும் முதுகு நிமிரும். ஒரு எடத்துல நமக்கு மதிப்பு இல்லைன்னு தெரிஞ்சா நான் ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.

இதுக்கெல்லாம் காரணம் யாருங்கறீங்க? என் சம்மந்தி. மாப்பிள்ளையோட அம்மா. தனபாக்கியம்னு பேரு. மணப்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இட்லிக்கடை. மெஸ்ஸுன்னு போர்டு மாட்டியிருக்கா. நாலு பெஞ்சு, ரெண்டு அடுப்பு, அதுக்குப் பேரு மெஸ்ஸு. அஞ்சாங் கிளாஸோட நின்ன பொம்பளை. என் மக ஹேமா காலேஜ் படிக்கிறப்ப அந்த வீட்டுப் பையனைப் பாத்து... அந்தக் கதை இப்ப வேணாம். பையன் நல்ல பையன். குத்தம் சொல்ல முடியாது. கப்பல் கட்டற கம்பெனில இன்ஜினியர். இட்லிக்கடைலேருந்து அவ்வளவு தூரம் போயிருக்கான்னா அவன் மூளை அப்படி. அந்தம்மா என்ன செஞ்சிருக்கப் போறா? புருஷனும் இல்லாம, விடியக்காலைல எந்திரிச்சு மாவு கரைச்சுக்கிட்டுக் கெடந்தவளுக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்?

பிரசவம்னா பொண்ணப் பெத்தவ போறதுதானே முறை? இந்தம்மாவுக்கு என்ன அவசரம்? ஹேமாதான் ஃபோன்ல சொன்னா, "அத்தையும் வரட்டும்மா, நீ ஒருத்தியா சமாளிக்க முடியாது"ன்னு. என்னால சமாளிக்க முடியாதாம்! ஒரே க்ளாஸ்ல அறுபத்தி ரெண்டு பிள்ளைங்களைச் சமாளிச்சவ நான். ஒரு குழந்தை, ஒரு பொண்ணு, என்னால முடியாது. சரி, வரட்டும்னுட்டேன். பாத்திரம் தேய்க்க ஆள் வேணும்ல.

பிள்ளை பெத்தவளுக்கு லேகியம் நான்தான் கிண்டினேன். ரெண்டு நாள் வேலை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இன்னும் பதினோரு சாமான், எல்லாத்தையும் தனித்தனியா வறுத்து, இடிச்சு, துணில சலிச்சு, கருப்பட்டிப் பாகு வெச்சு, நெய்யும் நல்லெண்ணெயும் ஊத்தி, கை விட்டுப் போற வரைக்கும் கிண்டினேன். கரண்டி நட்டமா நிக்கும். அப்படி ஒரு பதம். பெரிய கண்ணாடி பாட்டில்ல அடைச்சேன். அரைக்கிலோ.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்தம்மா ஃபோன் பண்றா. "டீச்சரம்மா, நெய்யி, எண்ணெய், லேகியம் மாதிரி சாமானெல்லாம் பெரிய பெட்டிலதான் போடணுமாம். கையில எடுத்துட்டுப் போனா உள்ள விட மாட்டாங்களாம்"ங்கறா.

"யாரு சொன்னா?"

"நம்ம கடைக்குச் சாப்பிட வர்ற தம்பிதான். துபாய்க்குப் போயி வர்றவரு. கையில வெக்கறதுன்னா ஒவ்வொரு பாட்டிலும் நூறு மில்லிக்குள்ளதான் இருக்கணுமாம். எல்லாத்தையும் ஒரு கண்ணாடிக் கவருக்குள்ள போட்டு மூடணுமாம்."

இட்லி திங்க வந்தவன் சொன்னானாம். அதை எனக்குச் சொல்லித் தர்றா. ஹேமாவும் வாட்ஸப்புல ரூல்ஸ் அனுப்பியிருந்தா. நான் படிக்காம இருப்பேனா? வரி வரியாப் படிச்சேன். "திரவப் பொருட்கள்"னுதான் போட்டிருந்தது. கொட்டை எழுத்துல. கீழ பொடி எழுத்துல ஜெல்லு, க்ரீம், பேஸ்ட்டுன்னு என்னென்னவோ இருந்தது. பல்லு விளக்கற பேஸ்ட்டைச் சொல்றான். அதுக்கும் லேகியத்துக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், பெரிய பெட்டில போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? தூக்கி எறியறான். பாட்டில் ஒடைஞ்சா ரெண்டு நாள் உழைப்பு சேலையெல்லாம் அப்பிக்கிட்டுக் கெடக்கும். அந்தம்மா சொல்றா, "என் பெட்டில எடம் இருக்கு டீச்சரம்மா. மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் கவர் ரெண்டு போட்டு, என் சேலைக்கு நடுவுல சுத்தி வெச்சுடறேன். அலுங்காம வந்துரும்"னு. அடுப்பங்கரை வாசம் அடிக்கிற சேலைக்கு நடுவுல என் லேகியமா? அதோட, அவ பெட்டிலேருந்து எடுத்தா அவதானே ஹேமா கையில குடுப்பா? நான் வேண்டாம்னுட்டேன்.

கெளம்பற அன்னைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு ஃப்ளைட்டு. நான் கும்பகோணத்துலேருந்து கார்ல வந்து எறங்கறேன், அந்தம்மா அதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நிக்கறா. மஞ்சப் பை, துண்டு, கையில பாஸ்போர்ட்டு. பாஸ்போர்ட்டை அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கறா. ப்ளேனைக் கிட்டத்துல பாத்தது கிடையாது. நானும்தான் ஏறினதில்லை, ஆனா எனக்கு அது எப்படிப் பறக்குதுன்னு தெரியும். அந்தம்மா பாக்கறவங்களையெல்லாம் கேக்கறா. வாசல்ல நிக்கற போலீஸ்கிட்ட, "அய்யா, இந்தக் கண்ணு மருந்தைக் கையில வெச்சுக்கலாமா?" வண்டி தள்றவன்கிட்ட, "தம்பி, இந்தத் தைலத்தை எங்க வெக்கணும்?" கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட, "அம்மாடி, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, கொஞ்சம் பாத்துச் சொல்லு கண்ணு." வெக்கமே இல்லை. எனக்குத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டுத் திரியறா! அந்தப் பொண்ணும் இளிச்சுக்கிட்டு ஒரு கண்ணாடிக் கவரை எடுத்துக் குடுத்து, கண்ணு மருந்தையும் தைலத்தையும் அதுல போட்டு மூடிக் குடுத்துச்சு. என்னைப் பாத்து, "உங்களுக்கும் கவர் வேணுமாம்மா?"ன்னுச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல.

செக்யூரிட்டிக்கு வந்தோம். பையை ட்ரேல வெச்சு மெஷினுக்குள்ள அனுப்பறோம். அந்தம்மாவோட மஞ்சப் பை சுளுவா அந்தப் பக்கம் வந்துருச்சு. என் பையை மட்டும் எடுத்துத் தனியா வெச்சுட்டாங்க. ஒரு பொண்ணு வந்துச்சு, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு. எம் மகளைவிடச் சின்னது. நம்ம தமிழ்ப் பொண்ணுதான், பேச்சைக் கேட்டா திண்டுக்கல் பக்கம்னு தோணுச்சு. பையத் தொறந்து பாட்டிலை வெளிய எடுத்துச்சு.

"அம்மா, இது என்ன?"

"லேகியம்."

"இதைக் கையில கொண்டு போக முடியாதும்மா. லிக்விட், ஜெல் எல்லாம் நூறு மில்லிதான். இது பெரிய பாட்டிலு."

"லேகியம் லிக்விட் இல்ல."

"இதுவும் அதுலதாம்மா வரும்."

"எதுல வரும்? திடப்பொருள்னா என்ன, திரவம்னா என்ன? சொல்லு பாப்போம்."

முழிக்குது. நீங்களே சொல்லுங்க, ஏழாங் கிளாஸ் பாடம். திடத்துக்குத் தனி உருவம் உண்டு. திரவத்துக்கு உருவம் கிடையாது, ஊத்தின பாத்திரத்தோட உருவம்தான். இது தெரியாதவளை அங்க நிறுத்தி வெச்சு எது திரவம்னு பாக்கச் சொல்லியிருக்காங்க! "நீ எந்த ஸ்கூல்ல படிச்ச? யாரு உனக்கு சயின்ஸ் எடுத்தா?"ன்னு கேட்டேன். அதுக்குக் காது செவந்து போச்சு. ஆனா குரலை ஒசத்தல. அதைச் சொல்லணும்.

"அம்மா, நேரம் இருக்கு. திரும்ப வெளிய கவுண்டருக்குப் போயி லக்கேஜ்ல போட்டுட்டு வந்துருங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சிரும். நான் சொல்லி விடறேன்"னுச்சு.

உடனே இந்தம்மா நடுவுல வர்றா. "குடுங்க டீச்சரம்மா, நான் ஓடிப் போயிப் போட்டுட்டு வந்துடறேன். எனக்கு இன்னும் ரெண்டு கிலோ எடம் இருக்குன்னு அந்தக் கவுண்டர்ப் புள்ள சொல்லுச்சு"ன்னு கையை நீட்டறா.

நான் பாட்டிலை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். குடுத்துருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். தோணத்தான் செய்யும். ஆனா சரின்னு ஒண்ணு இருக்குல்ல? தப்பா ஒருத்தி சொல்றா, நாம தலையாட்டிட்டுப் போனா, நாளைக்கு வர்ற எல்லாருக்கும் அவ அதையே சொல்லுவா. அது பாட்டிலோட முடியற விஷயமா? "உன் மேலதிகாரியைக் கூப்பிடு"ன்னுட்டேன்.

வந்தான். மீசைக்காரன். தமிழ் தெரியாது. அந்தப் பொண்ணுதான் மொழிபெயர்க்குது. நான் அஞ்சு நிமிஷம் பேசினேன், அணுக்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளி வரைக்கும் சொன்னேன். மில்லிங்கறது கன அளவு, கிராம்ங்கறது நிறை, லேகியத்தை நிறையிலதான் அளக்கணும், உங்க ரூலே இதுக்குப் பொருந்தாதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அவ்வளவையும் கேட்டுட்டு அவன்கிட்ட இந்தில மூணு வார்த்தை சொல்லுச்சு. மூணே வார்த்தை! அவன் பாட்டிலைத் தட்டிப் பாத்துட்டு, "பேஸ்ட்"ங்கறான். அதோட முடிஞ்சுதாம்.

எனக்குப் பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போகுது. ஒருத்தன், "பாட்டி, விடுங்க பாட்டி"ங்கறான். பாட்டி! ஒருத்தி குழந்தையைத் தூக்கிட்டு, "ஆன்ட்டி ப்ளீஸ்"ங்கறா. அத்தனை பேரும் படிச்ச மூஞ்சி. ஒருத்தனாவது, நான் சொல்றது நியாயம்னு சொல்லணுமே! ஒரு வாய் தொறக்கல. கையில இருந்த தண்ணி பாட்டிலைக் கேட்டா குப்பைல போட்டுடறான், ஷாம்புவைக் கேட்டாப் போட்டுடறான். இந்த மாதிரி ஆட்டு மந்தைதான் இன்னைக்கு ப்ளேன்ல போகுது.

சரி, வாயால சொன்னாப் புரியாது, செஞ்சு காட்டினாதான் புரியும்னு முடிவு பண்ணேன். க்ளாஸ்லயும் அப்படித்தான் செய்வேன். மூடியத் தொறந்தேன். "எல்லாரும் பாருங்க. திரவமா இருந்தா விழணும்"னு சொல்லிட்டு, பாட்டிலை அப்படியே தலைகீழா, ட்ரேக்கு மேல கவுத்தேன்.

விழல.

சத்தமா எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. விழல. வரிசைல ஒருத்தன் செல்ஃபோனைத் தூக்கினான், இங்க அதெல்லாம் எடுக்கக் கூடாதுன்னு அதட்டி எறக்கினாங்க. ஆறு, ஏழு. அந்த மீசைக்காரனே பாத்துக்கிட்டு நிக்கறான். பத்து. விழலைங்க! பின்னாடி ஒருத்தன் கையத் தட்டினான். கிண்டலுக்குத்தான், இருக்கட்டும், தட்டினான்ல? பத்தோட நான் நிமித்தியிருக்கணும். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே தப்பு அதுதான். பதினொண்ணு எண்ணினேன். பன்னெண்டு எண்ணினேன்.

சொத்துன்னு மொத்தமும் வந்துருச்சு.

ட்ரேல மட்டும் விழுந்திருந்தாப் பரவால்ல. நான் கையக் கொஞ்சம் நீட்டிப் புடிச்சிருந்தேன் போல. பக்கத்துல யாரோ ஒருத்தனோட லேப்டாப்பு, அதுக்கு மேல பாதி. மெஷினுக்குள்ள ஓடற பெல்ட்டு மேல மீதி. பெல்ட்டு அதை இழுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. நெய் எல்லாம் உருளைக்கு நடுவுல எறங்கி, மெஷினை நிறுத்திட்டாங்க. லேப்டாப்புக்காரன் கத்தறான். லேகியத்து மேல குத்தம் இல்லைங்க. கும்பகோணத்துலேருந்து வெயில்ல கார்ல வந்திருக்கு, ஓரத்துல கொஞ்சம் நெய் எளகியிருக்கும். வெப்பநிலை கூடினா எந்தத் திடமும் எளகத்தான் செய்யும். அதையும் நான் சொன்னேன். யாரும் காதுல வாங்கற நிலைமைல இல்ல.

அப்ப பாருங்க, இந்தம்மா என்ன செஞ்சா தெரியுமா? தோள்ல கெடந்த துண்டை உருவிக்கிட்டு, முட்டி போட்டு உக்காந்து துடைக்கறா! அத்தனை பேருக்கு முன்னாடி. கடைல பெஞ்சு துடைக்கற மாதிரி. லேப்டாப்பை வாங்கித் தன் முந்தானையால துடைக்கறா. "மன்னிச்சுக்குங்க தம்பி, பெரியவங்க, தெரியாம நடந்து போச்சு, மன்னிச்சுக்குங்கம்மா"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெடுத்துக் கும்புடறா. யாரு இவளைக் கேட்டா? நான் மன்னிப்புக் கேக்கச் சொன்னேனா? அவ கும்புடக் கும்புட, நான் ஏதோ பெரிய தப்புப் பண்ண மாதிரி ஆகிப் போச்சு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

அந்தப் பொண்ணு அவளைக் காட்டி என்கிட்ட கேட்டுச்சு, "இவங்க உங்க கூட வந்தவங்களா?"

"இல்ல"ன்னேன். "அவங்க வேற, நான் வேற."

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. வந்துருச்சு. முட்டி போட்டு உக்காந்திருந்தவ தலையைத் தூக்கிப் பாத்தா. துண்டை மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு எந்திரிச்சா. என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போனாங்க. அவ பின்னாடியே ரெண்டு எட்டு வந்து, "டீச்சரம்மா, நீங்க வராம நான் எப்படிப் போவேன்?"னா. "போங்க, போயி உங்க ஃப்ளைட்டைப் பாருங்க"ன்னுட்டேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா.

யோசிச்சுப் பாருங்க, நான்தான் அவளைப் போகச் சொன்னேன். நானும் நின்னு அவளும் நின்னா ஹேமாவுக்கு யாரு? அந்தப் பெருந்தன்மையை யாரும் பேச மாட்டாங்க. ஆனா அவ போகலாமா? கூட வந்தவளை அப்படி விட்டுட்டு, மனசுள்ள ஒரு பொம்பளை போவாளா? சொன்னா உடனே போயிடறதா?

என்னை ஒரு ரூம்ல உக்கார வெச்சு, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. மன்னிப்புக் கடிதம் மாதிரி. எத்தனை பிள்ளைங்கிட்ட நான் எழுதி வாங்கியிருப்பேன்! அந்தப் பொண்ணு மாதிரிக்கு ஒண்ணு எழுதிக் கொண்டாந்து குடுத்துச்சு. "வருந்துகிறேன்"ல ரெண்டு எழுத்துத் தப்பு. திருத்திட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதுக்குள்ள ஃப்ளைட்டு போயிருச்சு. அடுத்த சீட்டு மூணு நாள் கழிச்சுத்தான் இருந்தது, சனிக்கிழமை. லீவு சமயம். திரும்பி கும்பகோணத்துக்கு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா ஒரே எரிச்சல். அவ போய் எறங்கினதும் என்னென்ன சொல்லியிருப்பா? மகனும் மருமகளும் கேட்டுக் கேட்டுச் சிரிச்சிருப்பாங்க. டீச்சர் கவுத்துக் காட்டினாங்க, எண்ணிக் காட்டினாங்கன்னு கை காலை ஆட்டி நடிச்சே காட்டியிருப்பா. மறுநாள், வியாழக்கிழமை, காலைல ஃபோன் அடிச்சுது. ஹேமா. எதுக்கு அடிக்கறான்னு எனக்குத் தெரியாதா? ஃபோனை சைலன்ட்ல போட்டு பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். அன்னைக்கு முழுக்க எடுக்கல.

வெள்ளிக்கிழமை காலைல எடுத்துப் பாத்தா, ஏழு தடவை அடிச்சிருக்கு. மொதல்ல நாலு ஹேமா நம்பர். அப்புறம் மூணு மாப்பிள்ளை நம்பர். கடைசில ஒரு ஃபோட்டோ. குழந்தை. மூணு வாரம் முந்திப் பொறந்துருச்சு. குழந்தைக்குக் கீழ ஒரு கை தெரியுது, மணிக்கட்டுல இட்லிப் பானை ஆவி அடிச்ச தழும்பு. ஆள் தெரியல, கை மட்டும்.

வலி வந்துருச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மூணு வாரம் முந்தி வரும்னு யாராவது சொன்னாங்களா? சொல்லுங்க, நீங்களா இருந்தா எடுத்திருப்பீங்களா? ...சரி, விடுங்க.

சனிக்கிழமை ராத்திரி போனேன். செக்கிங்ல அதே பொண்ணுதான் நிக்குது. கைப்பையில மூக்குக்கண்ணாடியும் மாத்திரையும்தான் வெச்சிருந்தேன், ஒண்ணும் சொல்ல முடியாது. பாத்துட்டுச் சிரிச்சுச்சு. "என்னம்மா, குழந்தை பொறந்துருச்சா?"ன்னு கேக்குது. இதுக்கு எப்படித் தெரியும்? இந்தம்மா தரையைத் துடைக்கறப்பவே எல்லாத்தையும் ஒப்பிச்சு வெச்சிருக்கா. "என் மருமகளுக்குப் பேறுகாலம், அதுக்கு டீச்சரம்மா ஆசையா செஞ்ச மருந்து"ன்னு. நான் பையை எடுத்துக்கிட்டு நடந்துட்டேன்.

விடிஞ்சு அங்க போய் எறங்கினா அடுத்த கூத்து. வாசல்லயே மாப்பிள்ளை கேக்கறான், "பாஸ்போர்ட் பிரச்சினை சரியாகிடுச்சா அத்தை?"ன்னு. எந்தப் பாஸ்போர்ட்? பாத்தா, இந்தம்மா என் பாஸ்போர்ட்டுல ஏதோ முத்திரை சரியில்லைன்னு நிறுத்திட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கா. லேகியத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அடுப்புல பாத்தா லேகியம் கெடக்குது! அந்த ஊரு தேக்கா மார்க்கெட்டுக்கு மகனைக் கூட்டிட்டுப் போயி சாமான் வாங்கிக் கிண்டியிருக்கா. கருப்பட்டி கெடைக்கலைன்னு வெல்லம். திப்பிலி கம்மி. அது லேகியமா, சத்துணவுப் பொங்கல் மாதிரி ஒரு நெறம். ஹேமா அதை நக்கி நக்கித் திங்கறா. "உன் பக்குவமாமேம்மா, அத்தைக்கு நீ சொல்லிக் குடுத்தியாமே"ங்கறா. நான் எப்பச் சொல்லிக் குடுத்தேன்? நான் கிண்டறப்ப ஒரு நாள், அது எத்தனை, இது எத்தனைன்னு ஃபோன்ல கேட்டுக்கிட்டே இருந்தா, அதான்.

எவ்வளவு பொய் பாருங்க. எனக்குப் பொய் புடிக்காது. ஒருத்தர் போட்ட பொய்க்குள்ள நான் ஒண்டிக்கிட்டு இருக்கணுமா? அன்னைக்கு மத்தியானமே சாப்பாட்டுல எல்லாரையும் வெச்சுக்கிட்டு நடந்ததை நடந்த மாதிரி சொல்லிட்டேன். ரூல்ல இருக்கற ஓட்டை, அந்தப் பொண்ணுக்குத் திடம் திரவம் தெரியாதது, நான் கவுத்துக் காட்டினது, எல்லாம். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாம சோத்தைத் துப்பிட்டான். ஹேமா சிரிக்கல. "அத்தை அப்ப எங்க இருந்தாங்க?"ன்னு கேட்டா.

"கீழ உக்காந்து துடைச்சுக்கிட்டிருந்தா."

"உன் கூட வந்தவங்களான்னு யாரும் கேக்கலியா?"

கேட்டாங்கன்னேன். நான் என்ன சொன்னேன்னும் சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுல்ல. அந்தம்மா தட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. குழாயைத் தொறந்து விட்டு, கழுவின தட்டையே கழுவறா. மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திட்டான். ஒரு உண்மையைச் சொன்னா ஒரு வீடு ஏன் அப்படி அமைதியாகணும்? எனக்குப் புரியல.

அப்புறம் அந்த வீட்டுல எனக்கு வேலையே இல்லாமப் போச்சு. குழந்தைக்குத் தண்ணி ஊத்தறது அவ. சாம்பிராணி போடறது அவ. நான் சொல்ற முறைப்படி செய்யுங்கன்னு சொன்னா, "சரிங்க டீச்சரம்மா"ங்கறா, சொன்ன மாதிரியே செய்யறா. எதுத்துப் பேசினாலாவது நாம ஒரு வார்த்தை பேசலாம். பத்தாவது நாள் ஹேமா சொன்னா, "அம்மா, உனக்கு இங்கப் போரடிக்குது. முன்னாடியே கிளம்பணும்னா டிக்கெட்டை மாத்திடலாம்"னு. எனக்குப் போரடிக்குதுன்னு நான் சொன்னேனா? அவளா கண்டுபிடிச்சிருக்கா. கெட்டிக்காரி. மாத்திக்கோன்னேன்.

கெளம்பறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை ஒண்ணு சொன்னான். அவன் கப்பல்ல ஏதோ வேலையா மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நேரம் கழிச்சுத்தான் போயிருக்கான். அங்க இருந்த நர்ஸு அவன்கிட்டச் சொல்லிச்சாம், "உங்க வைஃப் அம்மா அம்மான்னு ஒரே சத்தம். அவங்க அம்மா நல்லவேளை கூடவே இருந்தாங்க. கையை விடவே இல்ல, இங்கதான் இருக்கேன் கண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க"ன்னு. அந்த நர்ஸு அவளைப் போயி அம்மான்னு நெனைச்சிருக்கு. அவளாவது நான் அம்மா இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல? இங்கிலீஷ் தெரியாதுன்னாலும் தலையையாவது ஆட்டியிருக்கலாம்.

எனக்கு மனசு கேக்கல. ரூமுக்குப் போனேன். ஹேமா குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தா. கதவைச் சாத்திட்டுக் கேட்டேன்.

"வலியில அம்மா அம்மான்னு கத்துனியாமே. யாரைக் கூப்பிட்ட?"

நிமிந்து பாத்தா. கோபமெல்லாம் இல்ல, கோபமா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

"தெரியலம்மா. யாரு வந்தாங்களோ அவங்களத்தான்"னா.

இதுவா பதிலு? பெத்த தாய்கிட்டப் பேசற பேச்சா இது? படிப்பு மட்டும் குடுத்து என்ன பிரயோஜனம், ஒரு கேள்விக்கு நேரா பதில் சொல்லத் தெரியல. யாரு வந்தாங்களோ அவங்களாம். நான் வராமலா இருந்தேன்? டிக்கெட்டு எடுத்து, பாஸ்போர்ட்டு எடுத்து, ஏர்போர்ட்டுக்குள்ள வரைக்கும் போனவ நான். ஃப்ளைட்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு கதவுதான். நீங்களே சொல்லுங்க. நான் வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்? என்ன, பேசாம இருக்கீங்க. வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்?